ஒரு துண்டு ஈரலை வைத்து நொதியத்தை வீட்டிலேயே பார்ப்பது எப்படி?

நொதியம் ஓர் உயிரியல் ஊக்கி, தான் மாறாமல் இரசாயனத் தாக்கத்தை விரைவாக்கும். சாதாரண தரப் பரீட்சை எழுதுகிற பிள்ளை எதைக் கேட்டாலும் இந்த வரியைச் சொல்லிவிடும். ஆனால் அந்தத் 'தான் மாறாமல்' என்ற இடத்தை யாரும் நின்று பார்ப்பதில்லை, எனக்கு அதுதான் முழு விஷயமும்.

பாமசியில் காயம் கழுவுகிற ஐதரசன் பரவொட்சைட்டு, 3 சதவீதம், ஒரு சின்னப் போத்தல் வாங்குங்கள். கோழிக்கடையில் கொஞ்சம் ஈரல். வெள்ளிக்கிழமை மச்சம் தொடாத வீடு என்றால் பச்சை உருளைக்கிழங்கைத் துருவி எடுக்கலாம், நம்ம திருகோணமலையில் பாதி வீடு அப்படித்தானே. நுரை குறைவு, ஆனாலும் வரும். திரவம் கண்ணில் படக்கூடாது, எதையும் மூடி வைக்கவும் கூடாது, உள்ளே வாயு சேரும்.

இரண்டு கண்ணாடிக் குவளை. ஒன்றில் நகத்தளவு பச்சை ஈரல், மற்றதில் நன்றாக அவித்து ஆறவைத்த ஈரல். இரண்டிலும் இரண்டு மேசைக்கரண்டி பரவொட்சைட்டு விடுங்கள். பச்சை ஈரலில் உடனே சோடாப் போத்தல் திறந்த மாதிரி வெள்ளை நுரை பொங்கி ஏறும், குவளையைத் தொட்டால் இளஞ்சூடு தெரியும். தணல் உள்ள ஊதுபத்தியை நுரைக்குள் பிடித்தால் தணல் பளிச்சென்று சிவக்கும். அது ஒட்சிசன். ஈரலில் உள்ள கற்றலேசு என்ற நொதியம் பரவொட்சைட்டை நீராகவும் ஒட்சிசனாகவும் உடைக்கிறது. அவித்ததில் ஒன்றும் நடக்காது, சூட்டில் அந்தப் புரதத்தின் வடிவம் குலைந்துவிட்டது.

இப்போதுதான் முக்கியமான இடம். நுரை அடங்கியதும் திரவத்தை ஊற்றிவிட்டு அதே ஈரல் துண்டின் மேல் புதிதாகப் பரவொட்சைட்டு விடுங்கள். திரும்பவும் பொங்கும்! முடிந்துபோனது பரவொட்சைட்டு, நொதியம் இல்லை.

சரி, ஏன் இவ்வளவு வேகம்? போத்தலில் இருக்கும்போதும் பரவொட்சைட்டு உடையத்தான் செய்கிறது, மிக மெதுவாக, ஏனென்றால் உடைவதற்கு முன் ஏவற்சக்தி என்ற ஒரு மேட்டைத் தாண்ட வேண்டும், கற்றலேசு அந்த மேட்டைத்தான் தாழ்த்திவிடுகிறது. பரவொட்சைட்டு அதன் உயிர்ப்பு மையம் என்ற பள்ளத்தில் வந்து பொருந்தும், உடையும், விலகும், இடம் அடுத்ததற்குக் காலி. இந்தப் பொருத்தத்தைத்தான் ஜெர்மன் இரசாயனவியலாளர் எமில் பிஷர் 1894இல் பூட்டும் சாவியும் என்றார். ஒரு கற்றலேசு மூலக்கூறு ஒரு செக்கனில் இலட்சக்கணக்கில் உடைத்துத் தள்ளும்.

சமையலிலும் இதே கதைதான். ஆட்டிறைச்சி மிருதுவாக வர பப்பாசிக்காய் அரைத்துப் பூசுவோம், அதில் இருப்பது பப்பேன் என்ற நொதியம், இறைச்சியின் புரதத்தை வெட்டும். ஒருமுறை காலையில் சமைக்கலாம் என்று இரவு முழுக்க ஊறவிட்டேன், மேற்பகுதி கூழாகவே போய்விட்டது. கொஞ்சம்தான் பூசினேன், ஆனால் அது தீர்ந்துபோகிற சாமான் இல்லையே, சூடு ஏறி வடிவம் குலையும்வரை வெட்டிக்கொண்டே இருக்கும். அரைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி, அரை மணித்தியாலம், அப்புறம் அடுப்பில் ஏற்றிவிடுங்கள்.