சங்கத்தில் சேர்ந்து மருத்துவக் காப்பீடு எடுக்கும்முன் புரிந்துகொள்ள வேண்டிய சொற்கள்

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் குளச்சல் பக்கமானாலும் குலசேகரம் பக்கமானாலும், மகளிர் சுய உதவிக் குழுவிலோ சங்கத்திலோ மருத்துவக் காப்பீட்டைப் பற்றிப் பேச்செடுத்தவுடன் எழும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு வருசம் ஆசுபத்திரிக்கே போகல்லன்னா கெட்டின பைசா திரும்பக் கிட்டுமா?" கிட்டாது. இதை முதல் கூட்டத்திலேயே ஒளிவுமறைவின்றிச் சொல்லிவிட வேண்டும். சீட்டில் கட்டுவது நம் சேமிப்பு. பிரீமியமாகக் கட்டுவதோ அந்த ஆண்டில் யார் வீட்டில் நோய் வருகிறதோ அந்த வீட்டுக்குப் போகும் பணம்.

இருநூறு குடும்பங்கள் ஆளுக்கு 500 ரூபாய் கட்டினால் ஒரு லட்சம் சேரும்; 20,000 ரூபாய் செலவாகும் சிகிச்சை ஐந்து பேருக்கு வந்தால் அது முழுவதும் தீர்ந்துவிடும். இதற்கு இடர் பகிர்வு என்று பெயர். ஏற்கெனவே நோயுள்ளவர்கள் மட்டும் சேர்ந்து, நலமாக இருப்பவர்கள் ஒதுங்கிக்கொண்டால், அடுத்த ஆண்டே பிரீமியம் ஏறி, அதைக் கண்டு இன்னும் பலர் விலகுவார்கள். குழு முழுவதும் சேர வேண்டும் என்று காப்பீட்டு நிறுவனங்கள் கேட்பது இதனால்தான், கேட்பது நியாயமும்கூட.

புதிதாக எதையும் வாங்கும்முன், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை யார் யாரிடம் இல்லை என்று கணக்கெடுங்கள். 2012-இல் தொடங்கி, 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைக்கப்பட்ட இத்திட்டம், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை, பட்டியலிலுள்ள சிகிச்சைகளுக்குப் பட்டியலிலுள்ள மருத்துவமனைகளில் பணம் கட்டாமல் பார்த்துக்கொள்ள உதவுகிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதார் ஆகியவற்றுடன் நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். அண்டி ஆபீசுக்கும் (முந்திரி ஆலை) பால்வெட்டுக்கும் (ரப்பர் பால் எடுக்கும் வேலை) போகிற குடும்பங்கள் பல, தகுதி இருந்தும் அட்டை எடுக்காமல் இருப்பது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது.

அதற்கு மேலும் காப்பீடு தேவையென்றால், சங்கமே பணம் வசூலித்து, நோய்க்குப் பணம் தருவதாக வாக்குக் கொடுக்கக் கூடாது. பதிவு பெற்ற காப்பீட்டு நிறுவனத்திடம் சங்கத்தின் பெயரில் குழுக் காப்பீடு எடுப்பதே முறை. காப்பீடு பெறுவதற்கென்றே ஆள் சேர்த்து உருவாக்கிய கூட்டத்துக்கு அது கிடைக்காது.

பாலிசியின் நகல் கைக்கு வந்ததும், நம்மில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அதை வாசியுங்கள். உதாரணத்துக்கு, காப்பீட்டுத் தொகை, அதாவது ஓர் ஆண்டில் கிடைக்கக்கூடிய உச்ச அளவு, இரண்டு லட்சம் என்று வைத்துக்கொள்வோம். அது குடும்பம் முழுவதுக்கும் பொதுவானது. அறை வாடகை வரம்பு அதில் ஒரு சதவீதம், அதாவது நாளுக்கு 2,000 ரூபாய். நாம் 4,000 ரூபாய் அறையில் ஐந்து நாள் இருந்து, வாடகை 20,000, மருத்துவர் மற்றும் அறுவை சிகிச்சைக் கட்டணம் 40,000, மருந்து 20,000 என்று மொத்தம் 80,000 ரூபாய்க்குப் பில் வருகிறது. வரம்பைப் போல் இரு மடங்கு வாடகையுள்ள அறை என்பதால் வாடகையில் பாதி மட்டுமல்ல, மருத்துவர் கட்டணத்திலும் பாதிதான் கிடைக்கும். மருந்துச் செலவு மட்டும் முழுதாகக் கிடைக்கும். ஆக 50,000. பாலிசியில் பத்து சதவீதம் இணைக் கட்டணம் (கிடைக்கும் தொகையில் நாம் ஏற்க வேண்டிய பங்கு) இருந்தால் அதிலும் 5,000 குறையும். மீதி 35,000 ரூபாய் நம் கையிலிருந்து போகும். வசதியான அறையைக் கேட்டு வாங்கும்முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம், அதாவது பாலிசி எடுத்தபின் அந்த நோய்க்குப் பணம் கிடைக்காத காலம், மூன்று ஆண்டுகளுக்கு மேல் போகக் கூடாது என்று 2024-இல் விதி வந்துவிட்டது. குழுக் காப்பீட்டில் அதை முற்றிலும் தள்ளுபடி செய்யும்படி கேட்டுப் பேசவும் இடமுண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் விண்ணப்பத்தில் மறைக்காதீர்கள். எவற்றுக்குப் பணம் கிடைக்காது என்று சொல்லும் விலக்குகள் என்ற பக்கத்தை ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் கேட்கட்டும்.

ரொக்கமில்லாச் சிகிச்சை, அதாவது பில்லை நிறுவனமே மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டுவது, பெரும்பாலும் நிறுவனத்தோடு ஒப்பந்தமுள்ள மருத்துவமனையில், முன் அனுமதி பெற்றால்தான் நடக்கும். நம் மாவட்டத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய நோய் என்றதும் எல்லை தாண்டித் திருவனந்தபுரத்துக்குப் போவது நம் வழக்கம். வண்டி பிடிக்கும்முன் அந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். அரசுத் திட்டத்துக்கு 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது. தனியார் பாலிசியில், மருத்துவமனை பட்டியலில் இல்லையென்றால் பெரும்பாலும் முழுப் பணத்தையும் நாமே கட்டிவிட்டுப் பிறகு நிறுவனத்திடம் கோர வேண்டியிருக்கும். அதற்கு டிஸ்சார்ஜ் சுருக்கம், மூல ரசீதுகள், பரிசோதனை முடிவுகள் எல்லாம் வேண்டும். மருந்துக் கடைச் சீட்டு ஒன்றைக்கூட எறிந்துவிடாதீர்கள்.

தனியார் பாலிசியில் கோரிக்கை மறுக்கப்பட்டால், எந்த விதியின்படி மறுத்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். நிறுவனத்திடம் எழுத்தில் முறையிட்டு முப்பது நாளில் பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், ஓராண்டுக்குள் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்குப் புகார் அனுப்பலாம். அதற்குக் கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை.