சைக்கிள் பம்பில் ஹோஸ் இருக்கிறதா பாருங்கள்

ஃபிரேமில் மாட்டும் பம்பு வாங்கும்போது, உள்ளிருந்து ரப்பர் ஹோஸ் இழுத்து மாட்டும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். நேரடியாக வால்வில் சொருகும் பம்பில், ஒவ்வொரு அடிக்கும் வால்வு ஆடும். நாளடைவில் டியூபும் வால்வும் சேரும் இடம் கிழிந்துவிடும். அந்த இடத்தில் பஞ்சர் ஒட்டினால் நிற்காது, புது டியூபுதான். ஹோஸ் இருந்தால் அந்த ஆட்டத்தை அதுவே வாங்கிக்கொள்ளும். காங்கேயம் பக்கம் கொறங்காட்டு (மேய்ச்சல் நிலம்) கிளுவை முள்வேலியோரம் முள் ஏறி நிற்கும்போது, பம்பைத் தரையில் ஊன்றி நிதானமாக அடிக்கலாம்.

அப்புறம், பம்பின் குழாய் பருமன். மெல்லிய ரோடு சைக்கிள் டயருக்குக் காற்றழுத்தம் 80 பிஎஸ்ஐக்கு மேல்கூடத் தேவைப்படும், அதற்கு ஒல்லிக் குழாய்தான் கைக்கு லேசு. தடித்த டயருக்கு 30, 40 போதும். பருத்த குழாய் என்றால் சீக்கிரம் நிரம்பும். உங்கள் டயருக்கு எவ்வளவு என்று அதன் பக்கவாட்டிலேயே அச்சடித்திருப்பார்கள்.

வால்வுக்குள் வால்டியூப் என்ற சின்ன ரப்பர் குழாய் போட்ட பழைய கருப்பு சைக்கிள் என்றால், பம்பு பொருந்துகிறதா என்று மாட்டிப் பார்த்து வாங்குங்கள். இந்தப் பம்புகள் பெரும்பாலும் மோட்டார் பைக் வால்வு, ரோடு சைக்கிளில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வு இரண்டுக்குமானவை. தெருமுனைக் கடை வரை மட்டும் ஓட்டுபவர்களுக்குப் பம்பே வேண்டாம். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு ஏறுபவர்கள் கட்டாயம் மாட்டிக்கொள்ளுங்கள்.