அரிதான விண்கலம் ஒன்றை வரைவது எப்படி? தொடக்க நிலையினருக்கான செய்முறை

அறிவியல் புனைகதை எழுதத் தொடங்குவோர் பெரும்பாலும் முதலில் வரைவது, கூர்மூக்கும் இறக்கையும் கொண்ட, விமானத்தை ஒத்த விண்கலத்தைத்தான். இயற்பியல் கேட்கும் வடிவங்கள் வேறாக இருந்தும் அவை கதைகளில் அபூர்வமாகவே தலைகாட்டுகின்றன. அப்படிப்பட்ட கலம் ஒன்றை நாமே வரைந்து, எந்த இடத்தில் நம் கை ரப்பரைத் தேடுகிறது என்று கவனித்தால் அதற்கான காரணம் விளங்கிவிடும். கட்டம் போட்ட நோட்டு, பென்சில், கால்குலேட்டர் ஆகியவை போதும்.

படி 1: தரை எந்தப் பக்கம்?

எஞ்சின் இடைவிடாமல் தள்ளும் கலத்தில், பயணிகளின் கால்கள் எஞ்சின் இருக்கும் பக்கம் நோக்கியே அழுந்தும். ஆகவே தளங்களைப் பேருந்தைப் போல நீளவாக்கில் அமைக்காமல், மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஏறத்தாழ 52 மீட்டர் உயரமுள்ள அந்த ஒன்பது நிலைக் கோபுரத்தின் அடியில் எஞ்சினையும் உச்சியில் கட்டுப்பாட்டு அறையையும் வைத்ததாக எண்ணிக்கொண்டால் படம் பிடிபட்டுவிடும். திரைப்படங்களில் இது அரிதாக இருப்பதற்கு, நீண்ட நடைபாதையாக அரங்கு அமைப்பது எளிது என்பது ஒரு காரணம். நாம் வழங்கும் சொல்லிலேயே மரக்கலம் ஒளிந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். 'கலம்' என்றதுமே அணியமும் (கப்பலின் முன்முனை) அமரமும் (பின்முனை) கூடவே வந்துவிடுகின்றன.

படி 2: வெப்பத்தை வெளியேற்றுங்கள்

பெரும்பாலோர் தவறவிடும் படி இதுதான். விண்வெளி குளிர்ச்சியானது, எனவே கலம் தானாகவே ஆறிவிடும் என்று நினைக்கிறோம். மதுரை மாட்டுத்தாவணிப் பேருந்து நிலையத்தில் அதிகாலையில் பிளாஸ்கில் வாங்கிய தேநீர் மேலூர் தாண்டியும் நாக்கைச் சுடுவதற்குக் காரணம், அதன் இரு சுவர்களுக்கும் இடையே காற்று இல்லாததுதான். விண்கலமும் வெற்றிடத்தால் சூழப்பட்ட பிளாஸ்க்தான். கதிர்வீச்சாக மட்டுமே அதன் வெப்பம் வெளியேற முடியும்.

இப்போது கணக்கிடுங்கள். கதிர்வீச்சின் அளவு, கெல்வின் வெப்பநிலையின் நான்காம் அடுக்குக்கு ஏற்ப உயரும். ஒரு மெகாவாட் கழிவு வெப்பத்தை, இருபுறமும் முழுமையாகக் கதிர்வீசும் தகடு 300 கெல்வினில், அதாவது 27 டிகிரி செல்சியஸில் வெளியேற்ற, ஏறத்தாழ 1,090 சதுர மீட்டர் பரப்பு வேண்டும். அதே தகட்டை 1,000 கெல்வினில் இயக்கினால் 9 சதுர மீட்டர் போதும். ஆனால் அது மங்கிய சிவப்பில் கனன்றுகொண்டிருக்கும். எஞ்சின் பெரிதாகப் பெரிதாகத் தகடுகளும் விரியும். அவற்றை உங்கள் கோபுரத்தின் இருபுறமும் வரையுங்கள்.

வரைந்து முடித்ததும் அவை இறக்கைகளாகவே தோன்றும், சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 1968இல் வெளிவந்த '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' படத்தின் டிஸ்கவரி கலத்துக்கு முதலில் இத்தகைய தகடுகளைத் திட்டமிட்டவர்கள், பார்ப்பவர்கள் இறக்கை என்று எண்ணிவிடுவார்கள் எனக் கருதி நீக்கிவிட்டார்கள். இறக்கை தேவைப்படாத இடத்தில் எத்தனையோ கலங்களுக்கு இறக்கை கிடைத்திருக்கிறது. உண்மையில் தேவைப்பட்ட தகடு இறக்கையைப் போல இருந்ததால் விலக்கப்பட்டது.

படி 3: சுழல வேண்டுமா?

எஞ்சின் அணைந்த பின்னும் எடை வேண்டுமென்றால் கலம் சுழல வேண்டும். நிமிடத்துக்கு 2 சுற்றில் பூமியின் ஈர்ப்பை உணர ஆரம் 224 மீட்டர் வேண்டும். ஒரு பக்கம் ஏறத்தாழ 300 மீட்டர் உள்ள வண்டியூர் தெப்பக்குளத்திலும் அந்த வட்டம் அடங்காது. ஆரத்தை 10 மீட்டராகக் குறைத்தால் நிமிடத்துக்கு ஒன்பதுக்கும் மேற்பட்ட சுற்றுகள் தேவைப்படுவதோடு, நிற்பவரின் தலை உணரும் எடை பாதம் உணர்வதைவிட ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். படம் எடுப்பவருக்குச் செலவு என்ற காரணமாவது உண்டு, எழுதுபவருக்கு அதுவும் இல்லை என்பது என் கருத்து.

படி 4: விளக்காமல் காட்டுங்கள்

முடித்த படத்தை வீட்டில் ஒருவரிடம் கொடுத்து, இது எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால், அந்த வடிவத்துக்குக் கதையில் ஒரு பத்தியாவது விளக்கம் தேவை என்று குறித்துக்கொள்ளுங்கள்; பலரும் அந்தப் பத்தியை மிச்சப்படுத்தவே விமான வடிவத்துக்குத் திரும்புகிறார்கள். நான் திருநகரிலிருந்து வந்திருந்த அத்தையிடம் காட்டியபோது அவர் தகடுகளைத் தொட்டு, "இது ஏசிக்கு வெளியில மாட்டுற பொட்டி மாதிரியில்ல இருக்கு?" என்றார். நான் எழுதி வைத்திருந்த விளக்கப் பத்தியை அடித்துவிட்டு, அந்த வாக்கியத்தைக் கதையின் சமையல்காரரிடம் கொடுத்துவிட்டேன்.