பசை நல்லதுதான், ஈரம்தான் கெடுத்தது

ஹட்டனில் உயர்தரத் தொழில்நுட்பப் பிரிவு மாணவர்களோடு மாதிரி கிளைடர் (இயந்திரமில்லாமல் மிதந்து பறக்கும் விமானம்) செய்கிறேன். இறக்கை கழன்று விழுந்ததும் வரும் கேள்வி ஒன்றுதான்: "சேர், நல்ல பசைதானே போட்டோம்?" கழன்ற இடத்தைப் பார்த்தால் பசை முழுவதும் ஒரு பக்கத்தில் இருக்கும், மறுபக்கம் துடைத்துவிட்டதுபோல் வெறுமையாக இருக்கும். அதாவது, அந்தப் பக்கத்தை அது பிடிக்கவே இல்லை. விமானம் கட்டுபவர்களும் மிகவும் பயப்படுவது இதற்குத்தான்.

நம் ஊரில் முதல் எதிரி ஈரம். விமான இறக்கை, உடற்பகுதிகளை ஒட்டும் எபோக்சி பசை பெரும்பாலும் மெல்லிய படலச் சுருளாக வரும். அதை ஏறத்தாழ மைனஸ் 18 பாகை செல்சியஸில் வைத்திருப்பார்கள். அவசரப்பட்டுக் குளிரோடு பையைப் பிரித்தால் என்ன ஆகும்? வெளிக்குளிரிலிருந்து தேயிலைத் தொழிற்சாலையின் சூடான உலர்த்தும் அறைக்குள் நுழைந்ததும் மூக்குக்கண்ணாடியில் நீர் படியுமே, அதேதான் பசையிலும் நடக்கும். அறை வெப்பத்துக்கு வரும்வரை பையைப் பிரிக்கவே கூடாது.

இதன் விலை சிறியதல்ல. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாயில் 24,000 அடி உயரத்தில் அலோஹா எயார்லைன்ஸ் போயிங் 737 ஒன்றின் முன்பக்கக் கூரை பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். ஆரம்பகால 737களில் உடற்தகடுகளின் மூட்டுகளைச் சூடாக்காமல், அறை வெப்பத்திலேயே இறுகும் எபோக்சியால் ஒட்டியிருந்தார்கள். அந்த ஒட்டு விட்டதும் ஈரம் உள்ளே போய் அரித்தது, பசை தாங்க வேண்டிய சுமை, தகடுகளைப் பிணைக்கும் ரிவெட்டு ஆணிகளின் மேல் விழுந்தது, துளைகளைச் சுற்றி வெடிப்புகள் வளர்ந்தன.

அடுத்தது மேற்பரப்பு. மாணவர்கள் அரத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு, "சரி, ஒட்டுதா பார்ப்போம்" என்று விரலால் தடவுகிறார்கள். விரலின் எண்ணெய்ப் பசை போதும், எல்லாம் வீண். தொழிற்சாலையில் தகட்டின் மேல் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார்கள். நீர் ஒரே படலமாகப் பரவினால் சுத்தம், சேம்பிலையில் போல முத்து முத்தாகத் திரண்டால் திரும்பக் கழுவ வேண்டும். நீங்களும் செய்து பாருங்கள், ஆனால் அப்புறம் நன்றாக உலரவிடுங்கள்.

நுவரெலியாக் குளிரில் எபோக்சி மெதுவாகத்தான் இறுகும். அதற்காக, அதை இறுக வைக்கச் சேர்க்கும் ஹார்ட்னரைக் கூட்டாதீர்கள். எதிர்வினையில் சேராமல் மிஞ்சும் ஹார்ட்னர் ஒட்டைப் பலவீனமாக்கும். அளவை மாற்றாமல் பொருளை இதமான சூட்டில் வையுங்கள்.

ஒட்டு, துண்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக வழுக்கித் தள்ளும் விசையைத் தாங்கும். ஓரத்திலிருந்து உரிக்கும் விசைக்குச் சீக்கிரம் தோற்கும். அதனால் இரு துண்டுகளும் ஒன்றின் மேல் ஒன்று அகலமாகப் படியும்படி ஒட்டுங்கள்.

விண்கலத்துக்கு இன்னொரு கவனம் வேண்டும். வெற்றிடத்தில் பசையிலிருந்து ஆவி வெளியேறி, கமரா வில்லைகளில் படியும். அதனால் 125 பாகையில் 24 மணிநேரம் வெற்றிடத்தில் வைத்துச் சோதிப்பார்கள். எடையிழப்பு நூற்றுக்கு ஒரு வீதத்துக்கு மேல் போனால் வழக்கமாக அந்தப் பசையை ஒதுக்கிவிடுவார்கள்.

மீயொலிக் கருவி ஒட்டில் இடைவெளி இருந்தால் காட்டும். தொட்டுக்கொண்டிருந்தும் பிடிக்காத ஒட்டை அது நம்பகமாகக் காட்டாது. அதனால்தான் அதே பசை, அதே நாள், அதே தயாரிப்பில் சிறு மாதிரித் துண்டுகளையும் ஒட்டி, பிறகு இழுத்து உடைத்துப் பார்க்கிறார்கள். எங்கள் வகுப்பிலும் இப்போது ஒவ்வொரு இறக்கையோடும் இரண்டு பட்டைகளை ஒட்டி வைக்கிறோம். மறுநாள் அவற்றைப் பிய்த்துப் பார்த்த பிறகுதான் கிளைடர் மைதானத்துக்குப் போகும்.