ரேக் ஃபியூஸ் பேனல்: ஒயர் மாட்டும் வரிசை

டெலிகாம் கருவிகள் அடுக்கும் ரேக்கில், ஃபியூஸ் வழியாக ஒவ்வொரு கருவிக்கும் மின்சாரம் பிரித்துத் தருவது இந்த மைனஸ் 48 வோல்ட் டிசி பேனல். அதில் கை வைக்கும் முன், அதற்கு மின்சாரம் அனுப்பும் பிரேக்கர்களை ஆஃப் செய்து பூட்டுங்கள். ரெக்டிஃபையரை (ஏசியை டிசியாக மாற்றும் கருவி) மட்டும் நிறுத்தினால் போதாது, பேட்டரி பக்கம் உயிரோடுதான் இருக்கும். மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே ஸ்பேனர். மோதிரம், வாட்ச் கழற்றிவிடுங்கள்.

எல்லா ஃபியூஸையும் உருவிவிட்டு, முதலில் எர்த், அடுத்து ரிட்டர்ன் (பிளஸ் ஒயர்), கடைசியில் மைனஸ். எர்த் லக் (ஒயர் நுனியில் பொருத்தும் உலோக முனை) உட்காரும் இடத்தில் ரேக்கின் பெயிண்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரியவேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

லக் இரட்டைத் துளை உள்ளதாக இருக்கட்டும். ஒற்றைத் துளை லக் திரும்பித் தளர்ந்து, சூடாகி, இன்சுலேஷனைக் கருக்கிவிடும். போல்ட்டை பேனலில் அச்சிட்ட டார்க் (முறுக்கு விசை) அளவுக்கே முறுக்குங்கள்.

இந்த அமைப்பில் தரையோடு சேர்ந்திருப்பது பிளஸ். கார் ஒயரிங் பழகிய கை இங்கே தடுமாறும். பிரேக்கர்களை ஆன் செய்ததும், ஃபியூஸ் போடாமலே ஏ, பி இரண்டு ஃபீடிலும் (பேனலுக்கு மின்சாரம் வரும் இரண்டு வழிகள்) போலாரிட்டி, அதாவது பிளஸ், மைனஸ் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கருவிகளை ஆஃபில் வைத்து ஃபியூஸை ஒவ்வொன்றாகச் செருகுங்கள். தொடர்ந்து ஓடும் லோடு ஃபியூஸ் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது: 10 ஆம்பியருக்கு 8.