குழந்தையின் சிறுநீர்ப் பரிசோதனை: வயதைப் பார்க்காமல் எண்ணைப் பார்க்காதீர்கள்

ஐந்து மாதக் குழந்தையின் சிறுநீரில் கால்சியம்–கிரியேட்டினின் விகிதம் 0.5 என்று வந்து, பக்கத்திலேயே '0.2-க்குக் கீழ் இருக்க வேண்டும்' என்று அச்சிட்டிருந்தால் எந்தத் தாய்க்கும் நெஞ்சு பதறும். ஆனால் 0.2 என்ற வரம்பு பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் உரியது. முதல் ஆறு மாதங்களில் ஏறத்தாழ 0.8 வரையிலும், அதன்பின் ஒரு வயது வரை ஏறத்தாழ 0.6 வரையிலும் இருப்பதை மருத்துவர்கள் இயல்பாகவே கொள்கிறார்கள்.

காரணம் எளிது. கிரியேட்டினின் தசையிலிருந்து உண்டாகும் கழிவு. கைக்குழந்தையின் உடலில் தசை குறைவு. ஒரு டெசிலிட்டர் சிறுநீரில் கால்சியம் 10 மில்லிகிராமும் கிரியேட்டினின் 20 மில்லிகிராமும் இருந்தால் விகிதம் 0.5 ஆகிறது, அதே 10 மில்லிகிராம் கால்சியம், பத்து வயதுச் சிறுவனின் சிறுநீரில் 100 மில்லிகிராம் கிரியேட்டினினோடு வந்தால் 0.1 ஆகிவிடுகிறது. கால்சியம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தசை மெலிந்த, ஊட்டம் குறைந்த பிள்ளைகளிடமும் இதே காரணத்தால் விகிதம் உயர்ந்து தெரியக்கூடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

அலகைக் கவனிக்காமல் ஒப்பிடுவதும் தவறு. மில்லிகிராம் கணக்கில் 0.2 என்பது, சில ஆய்வகங்கள் பயன்படுத்தும் மில்லிமோல் என்ற வேறொரு அலகின் கணக்கில் ஏறத்தாழ 0.56.

எல்லாவற்றிலும் பெரிய தவறாக நான் கருதுவது, கால்சியம் அதிகம் என்று கேட்டவுடன் பாலையும் தயிரையும் நிறுத்திவிடுவதுதான். வளரும் எலும்புக்குக் கால்சியம் வேண்டும். அது உணவில் குறைந்தால், உணவிலுள்ள ஆக்சலேட் (கால்சியத்தோடு சேர்ந்து கல்லாகும் பொருள்) குடலில் கூடுதலாக உறிஞ்சப்பட்டுச் சிறுநீரகக் கல் உண்டாகும் வாய்ப்பும் கூடுகிறது. பல பிள்ளைகளுக்கு முதலில் குறைக்க வேண்டியது உப்பு. சிறுநீரகம் சோடியத்தை வெளியேற்றும்போது கால்சியமும் கூடவே போகிறது என்பதால், ஊறுகாய், அப்பளம், பாக்கெட் சிப்ஸ் ஆகியவற்றைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வைட்டமின் டி சொட்டு மருந்தை அளவு மீறிக் கொடுத்திருந்தால் அதை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; அதனோடு வாந்தியும் மலச்சிக்கலும் இருந்தால் தாமதிக்கவே கூடாது.

ஒரு முறை எடுத்த மாதிரியை வைத்தே முடிவு கட்டுவதும் சரியன்று. விகிதம் உயர்ந்திருந்தால் மறுபடி பார்ப்பார்கள். தேவைப்பட்டால், சொன்னபடி சிறுநீர் கழிக்கத் தெரிந்த பிள்ளைக்கு 24 மணி நேரச் சேகரிப்பைச் சொல்வார்கள். அதில் காலையில் எழுந்ததும் போகும் முதல் சிறுநீரை விட்டுவிட்டு, அதன் பின்னர் போவதையெல்லாம், மறுநாள் காலையில் எழுந்ததும் போவது உட்பட, சேர்க்க வேண்டும். 20 கிலோ எடையுள்ள பிள்ளைக்கு, கிலோவுக்கு 4 மில்லிகிராம் என்ற கணக்கில், 80 மில்லிகிராமைத் தாண்டினால்தான் கால்சியம் அதிகம். பள்ளிக் கழிவறையில் ஒரு தடவை போய்விட்டால்கூட இந்தக் கணக்கு குறைந்து காட்டும் என்பதால், சேகரிப்பை விடுமுறை நாளில் வைத்துக்கொள்வதே நல்லது.