முயல் ஹே (உலர் புல்) தின்ன மறுக்கிறதா? புல் தேர்விலும் வைப்பதிலும் நடக்கும் தவறுகள்

முன்னால் வைத்த புல்லை முயல் முகர்ந்துவிட்டுத் திரும்பிப் போனால், "இதுக்கு இந்தப் பிராண்டு பிடிக்கலை" என்று அடுத்த பையை வாங்கிவிடுகிறோம். நாலைந்து பை மாறிய பிறகும் அது பெல்லட் (அழுத்திச் செய்த கடைத் தீனி) கிண்ணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும். அடம்பிடிக்கும் முயல் என்று பெயர் வாங்கியவற்றில் பல உண்மையில் பசியில்லாத முயல்கள். சிலவற்றுக்குப் பல்வலி. இன்னும் சிலவற்றுக்கு நாம் வைத்த புல்லே மோசம். எது என்று தெரியாமல் பையை மட்டும் மாற்றிப் பயனில்லை.

வளர்ந்த முயலின் தீனியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உலர் புல்லாகவோ பச்சைப் புல்லாகவோ இருக்க வேண்டும். அதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது பல்: வெட்டுப்பற்கள் வாரத்துக்கு 2 முதல் 3 மில்லிமீட்டர் வளரும், கடைவாய்ப் பற்களும் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். நீளப் புல்லைத் தாடையைப் பக்கவாட்டில் ஆட்டி அரைத்தால்தான் அவை தேயும். பெல்லட்டை இரண்டு கடியில் நொறுக்கி விழுங்கிவிடும், அதில் தேய்மானம் குறைவு. இரண்டாவது குடல்: செரிக்காத கனமான நார்தான் குடலை உந்தி ஓடவைக்கிறது. அது குறைந்தால் குடல் மந்தமாகி, நின்றும் போகலாம்.

பெல்லட்டைக் குறைக்காமல் புல்லைக் குறை சொல்வது

எல்லாத் தவறுக்கும் தலை இதுதான். கிண்ணம் நிறைய மாவும் சர்க்கரையும் கலந்த தீனி இருக்கும்போது, எந்த முயலும் மணிக்கணக்கில் மெல்ல வேண்டிய புல்லைத் தேடிப் போகாது. வளர்ந்த முயலுக்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு 25 கிராம் பெல்லட் என்பதே உச்ச அளவு. கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் பாருங்கள், "கொஞ்சம்தான் போடுகிறேன்" என்பவர்கள் பலரும் இரண்டு மடங்கு போட்டுக்கொண்டிருப்பார்கள். விதை, சோளம், உலர்பழம் கலந்த வண்ணத் தீனியாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். முயல் அதில் ருசியானதை மட்டும் பொறுக்கிவிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடும்.

குறைப்பதைச் சிறுகச் சிறுகச் செய்ய வேண்டும். இரண்டு மூன்று வாரங்களில், சில நாளுக்கு ஒருமுறை ஒரு சிறு பங்காகக் குறையுங்கள், வாரம் ஒருமுறை முயலை எடை பாருங்கள். பட்டினி போட்டால் வழிக்கு வந்துவிடும் என்று ஒரே நாளில் நிறுத்துவது ஆபத்து, முயலின் குடல் காலியாக நிற்கத் தாங்காது. மிஞ்சிய பெல்லட்டையும் கிண்ணத்தில் போடாமல் புல்லுக்குள் தூவி விடலாம். தேடுகிற சாக்கில் புல்லும் வாய்க்குள் போகும்.

ஹே என்று கேட்டு வைக்கோல் வாங்குவது

அகராதியில் 'ஹே' என்று தேடினால் வைக்கோல் என்று வரும். குழப்பம் அங்கேயே தொடங்குகிறது. வைக்கோல் என்பது தானியம் முற்றி, கதிரடித்த பிறகு மிஞ்சும் தாள், சத்து அநேகமாக வடிந்துபோனது. ஹே என்பது புல் கதிர்விடும் பருவத்தில், இலையும் தண்டும் பச்சையாக இருக்கும்போதே அறுத்து உலர்த்தியது. வைக்கோலைப் படுக்கையாக விரிக்கலாம், அன்றாடத் தீனியாக வைக்கக் கூடாது. அதைத் தின்ன மறுக்கும் முயலை அடம் என்று சொல்வது அநியாயம்.

தின்கிறதே என்று குதிரைமசாலில் நிறுத்திவிடுவது

அல்ஃபல்ஃபா என்ற பெயரில் விற்கும் குதிரைமசாலை எந்த முயலும் விரும்பித் தின்னும். ஆனால் அது புல் அல்ல, பயறு வகைச் செடி. புல் ஹேயைவிடப் புரதம் ஏறக்குறைய இரண்டு மடங்கு, கால்சியம் இரண்டு மூன்று மடங்கு. ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டிக்கும், சினை முயலுக்கும், பாலூட்டும் தாய்க்கும் அது நல்லது. வளர்ந்த முயலுக்கு அப்படியல்ல. உணவில் எவ்வளவு கால்சியம் வருகிறதோ அதற்கேற்ப முயலின் குடல் உறிஞ்சிக்கொள்ளும், வேண்டாததைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அளவு மீறினால் சிறுநீர் சுண்ணாம்புக் குழம்புபோல வரும், சிறுநீர்ப்பையில் கல்லும் சேரலாம். குட்டிப் பருவத்திலேயே புல் ஹேயையும் கலந்து பழக்கிவிட்டால் ஆறாம் மாதத்தில் போராட வேண்டியதில்லை. குதிரைமசால் மட்டுமே தெரிந்து வளர்ந்த முயல்தான் பிற்பாடு திமோத்தி என்ற புல் ஹேயைக் கண்டு முகம் திருப்புகிறது.

பெயரைப் பார்த்து வாங்கி, அறுப்பைப் பார்க்காமல் விடுவது

ஒரு பருவத்தில் எத்தனையாவது முறை அறுத்தது என்பதைப் பொறுத்து, திமோத்தி என்று ஒரே பெயரில் மூன்று விதமான புல் வரும். முதல் அறுப்பில் தண்டு தடிமன், கதிர் அதிகம், நாரும் அதிகம். இரண்டாம் அறுப்பில் தண்டும் இலையும் சரிசமம், நிறமும் பசுமை. மூன்றாம் அறுப்பு பஞ்சுபோல மென்மை, நார் குறைவு. முதல் அறுப்பை மறுத்த முயல் இரண்டாம் அறுப்பை ஒரே நாளில் காலி செய்வதுண்டு. ஆகவே பிராண்டை மாற்றும் முன் அறுப்பை மாற்றிப் பாருங்கள்.

மூன்றாம் அறுப்பில் தொடங்கி முயலை மயக்குவதில் தவறில்லை, அங்கேயே தங்கிவிடுவதுதான் தவறு. சில வாரங்களில் இரண்டாம் அறுப்பைக் கலந்து ஏற்றுங்கள்.

திமோத்தியே வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஆர்ச்சர்ட் புல் சத்தில் திமோத்திக்கு இணை, இலை அகலம், தொட்டால் மெத்து, வாசனை சற்று இனிப்பு. திமோத்தித் தூசியால் தும்முகிற வீட்டில் பலர் அதற்கு மாறிக்கொள்கிறார்கள். மெடோ ஹேயில் பல புல்லும் கலந்திருப்பதால் பொறுக்கித் தின்னும் முயலுக்கு அது விளையாட்டு மாதிரி. ஓட்ஸ் ஹேயில் முற்றாத இளம் கதிர்கள் இருக்கும். கதிரை மட்டும் கொறித்துவிட்டுத் தண்டை விட்டால் அதைத் தனியாக வைக்காமல் வேறு புல்லோடு கலந்து வையுங்கள். நம் அனுபவ அறிவுக்கு எட்டிய வரை, எப்போதும் இரண்டு வகையைக் கலந்து வைத்திருப்பதே நல்ல ஏற்பாடு. ஒரு வகை கிடைக்காமல் போனாலும் முயல் பட்டினி கிடக்காது.

நிறத்தை மட்டும் நம்புவது

பச்சையாக இருந்தால் நல்லது, பழுப்பாக இருந்தால் கெட்டது என்று சொல்லிவிட முடியாது. கட்டின் வெளிப்பக்கம் வெயிலில் வெளுத்திருக்கும், உள்ளே பசுமை இருக்கலாம். செடியின் அடியிலைகள் அறுக்கும் முன்பே காய்ந்து பழுத்திருக்கும். மூக்கைத்தான் நம்ப வேண்டும். ஒரு கைப்பிடியைப் பையின் நடுவிலிருந்து எடுத்து முகர்ந்தால் காய்ந்த புல்வாசனையோ தேயிலை வாசனையோ வர வேண்டும். மக்கிய வாடை, நமுத்த பிசுபிசுப்பு, சாம்பல் அல்லது கறுப்புத் திட்டு, ஒட்டிக் கட்டியான தாள் ஏதாவது ஒன்று தெரிந்தாலும் முழுப் பையையும் தள்ளிவிடுங்கள். கெட்ட பகுதியை மட்டும் பிய்த்துப் போட்டால் போதாது, பூஞ்சணத் தூள் பை முழுக்கப் பரவியிருக்கும். பிறகு வெளியில் வைத்து உதறிப் பாருங்கள். கொஞ்சம் தூசி வருவது இயல்பு, வெண்புகைபோல எழும்பினால் வேண்டாம். பையின் அடியில் தங்கும் தூளை முயலுக்குக் கொட்ட வேண்டாம்.

வாங்கியது நன்றாக இருந்தும் வீட்டில் கெடுவது இன்னொரு கதை. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் மிச்ச ஈரம் உள்ளேயே வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். அட்டைப்பெட்டி, பருத்திப் பை, துளையிட்ட டப்பா இவற்றில் ஒன்றில், தரையைத் தொடாமல், வெயில் படாமல் வையுங்கள்.

வைக்கும் இடமும் நேரமும்

முயல் தின்றுகொண்டே புழுக்கை போடும் பிராணி. கழிவுத் தட்டு ஒரு மூலையிலும் புல் எதிர் மூலையிலும் இருந்தால் தின்பது பாதியாகிவிடும். தட்டின் ஒரு முனையில் புல்லைக் குவியுங்கள், அல்லது தட்டில் உட்கார்ந்தபடியே எட்டும் உயரத்தில் தொட்டி மாட்டுங்கள். தலையை அண்ணாந்து இழுக்க வேண்டிய கம்பித் தொட்டியில் தூசி கண்ணில் கொட்டும். வலைப்பை தொங்கவிட்டால் காலோ தலையோ மாட்டிக்கொள்ளும்.

அளவு: நாளுக்குக் குறைந்தது முயலின் உடல் பருமன் அளவுக்கு ஒரு குவியல். காலையில் பாதி, மாலையில் பாதி. அந்தியிலிருந்து விடியல் வரைதான் அது அதிகம் மேயும், ஆகவே மாலைப் பங்கு தாராளமாக இருக்கட்டும். பழைய புல் மிஞ்சியிருக்கிறதே என்று புதிதாகப் போடாமல் இருப்பது சிக்கனமாகத் தெரியும். ஆனால் அது பொறுக்கி மிஞ்சிய, சிறுநீர் தெறித்த புல். கொஞ்சம் வீணாகத்தான் செய்யும்.

புது வகைக்கு மாறும்போது பழையதில் கால் பங்கு புதியதைக் கலந்து தொடங்கி, பத்துப் பதினான்கு நாளில் முழுமையாக மாற்றுங்கள். உலர்ந்த புதினா, டான்டிலியன் இலை ஒரு சிட்டிகை நொறுக்கிக் கலந்தால் வாசனைக்கே வரும். அழுத்திச் செய்த ஹே கட்டியும் ஹே பெல்லட்டும் நீளப் புல்லுக்கு மாற்று ஆகாது, அவற்றில் நார் நறுங்கிக் கிடக்கிறது. புல்வெளி இயந்திரத்தில் அடிபட்ட பச்சைத் துணுக்குகள் கூடவே கூடாது. அவை சூடேறிப் புளித்து வயிற்றைக் கெடுக்கும்.

புழுக்கையைப் பார்க்காமல் விடுவது

புல் போதுமா என்பதைப் புழுக்கை சொல்லும். உருண்டையாக, பெரிதாக, வெளிர் பழுப்பாக, நசுக்கினால் நார் தெரிய உதிர்ந்தால் போதுமான அளவு தின்கிறது. சிறுத்து, கறுத்து, கடினமாக இருந்தால் நார் போதவில்லை. பின்புறத்தில் பிசுபிசுவென்று மென்புழுக்கை ஒட்டியிருந்தால், தீனியில் செறிவு கூடிவிட்டது என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். குருட்டுக்குடலில் உருவாகும் அந்த மென்புழுக்கையை முயல் தானே தின்றுவிட வேண்டும், விட்டுவைக்கக் கூடாது.

இதுவரை நன்றாகப் புல் தின்ற முயல் திடீரென்று புல்லை மட்டும் விட்டு மென்மையானதைத் தேடினால் அது ருசிப் பிரச்சினை அல்ல. தாடை நனைந்திருத்தல், வாயிலிருந்து தீனி விழுதல், ஒரு கண்ணில் மட்டும் நீர் வடிதல், பல்லைக் கடிக்கும் சத்தம் இவை கடைவாய்ப் பல் கூர்ந்து நாக்கையோ கன்னத்தையோ கிழிப்பதன் அடையாளங்கள். அந்தப் பற்களை வீட்டில் வாயைத் திறந்து பார்க்க முடியாது, மருத்துவரிடம் கருவி உண்டு. புல் மட்டுமல்ல, எதையுமே தொடாமல் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகி, புழுக்கையும் நின்றிருந்தால், நாளை பார்க்கலாம் என்று விடாமல் அன்றே, இரவானாலும், முயல் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோங்கள். போகும்போது கடைசியாகப் போட்ட புழுக்கையையும், தின்ன மறுத்த புல்லில் ஒரு கைப்பிடியையும் காகிதத்தில் மடித்து எடுத்துச் செல்லுங்கள்.